தெரு ஏறினால் வீடு என்ன செய்யும்?

பழைய ஊர், பழைய வீடு பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் திருநெல்வேலி டவுனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கட்டட ஓவர்சியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீடு ரத வீதியை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. தாத்தா காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டுமாம். இப்போது ஒரு படி இறங்கி உள்ளே வருகிறோம். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் திண்ணையைத் தாண்டித் தார்சா (முன்கூடம்) வரை வந்துவிடுகிறது. இடித்து, நாலடி மண் நிரப்பி, புதிதாகக் கட்டச் சொல்கிறார் இன்ஜினியர். என்ன செய்ய?
— ஒரு வாசகி, திருநெல்வேலி டவுன்

அவசரப்பட்டு இடிக்க வேண்டாம் அம்மா. உங்கள் வீடு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டி உருட்டிய வினை இது. ஒரு தடவைக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் பத்துத் தடவையில் அரை மீட்டர். உங்கள் தாத்தாவின் மூன்று படிகளும் அந்தத் தாருக்குள்தான் இருக்கின்றன.

டவுனைக் கட்டியவர்கள் மட்டம் பார்த்துக் கட்டியவர்கள். முற்றத்தில் விழுகிற மழை, கல்தூம்பு வழியாக நடைக்கு அடியில் ஓடித் தெரு வாறுகாலில் (வடிகாலில்) விழும். வாறுகால் பெரிய ஓடைக்குப் போகும், ஓடை குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போகும். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிடக் கொஞ்சம் தாழ்வு. ரசமட்டமும் நூலும் வைத்துக்கொண்டு ஒரு ஊர் முழுக்க இந்தச் சரிவைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள். நடுவில் தெருவை மட்டும் உயர்த்தினால் சரிவு திரும்பிவிடும், தண்ணீரும் திரும்பிவிடும். உங்கள் தார்சாவுக்கு வருவது அப்படித் திரும்பிய தண்ணீர்தான்.

நீங்கள் நாலடி உயர்த்திக் கட்டினால் அதே தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் ஐந்தடி உயர்த்துவார். ரோடு மறுபடியும் ஏறும். இதற்கு முடிவே இல்லை. அது மட்டுமில்லை, டவுன் தெருக்களில் பெரும்பாலும் பொதுச் சுவர்தான். உங்கள் பக்கம் நாலடி மண்ணை நிரப்பினால் அந்தச் சுவரை மண் தள்ளும், ஈரமும் ஏற்றும். அடுத்த வீட்டுக்காரர் பட்டாசலில் (பெரிய கூடத்தில்) சுவர் பொரிய ஆரம்பிக்கும்.

செய்ய வேண்டியது வேறு. புது ரோடு போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-லேயே தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறார். உங்கள் தெருவில் ரோடு வேலை வருகிறது என்று தெரிந்த உடனே, வேலை தொடங்கும் முன்பே, தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்கு எழுதுங்கள். எஸ்டிமேட்டில் ‘மில்லிங்’ (பழைய தாரைச் சுரண்டும் வேலை) சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வாசல் நிலைக்கல்லிலிருந்து ரோடு எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். ரோடு போட்டு முடித்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்குள்: வாசலில் அரையடி உயரத்துக்கு ஒரு கருங்கல் தடுப்பு. முற்றத்துத் தூம்பு தெருவில் சேரும் இடத்தில், தண்ணீர் வெளியே மட்டும் போகிற மாதிரி ஒரு மடக்கு வால்வு. முற்றத்து மூலையில் சின்னத் தொட்டி கட்டி ஒரு மோட்டார். கிணறு இருந்தால் முற்றத்து மழைநீரை வடிகட்டி அதில் விடுங்கள். இடித்துக் கட்டுகிற செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது.

கேள்வி: ஐயா, எங்கள் பழைய வீட்டுச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூசினோம். வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடித்தோம். கடைசியில் டைல்ஸ் ஒட்டினோம். இப்போது டைல்ஸுக்கு மேலே பூக்கிறது.
— ஒரு வாசகர், வீரவநல்லூர்

டைல்ஸ் ஒட்டினால் மேலேதான் பூக்கும். தரையிலிருந்து செங்கல் வழியாக ஈரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. பழைய சுண்ணாம்புக் காரையில் அந்த ஈரம் வெளியே வந்து காற்றில் காய்ந்துவிடும். சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் டைல்ஸும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. வழி கிடைக்காத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, அடைப்பு எங்கே முடிகிறதோ அங்கே வெளிவருகிறது. கூடவே வந்த உப்பு அங்கே உறைந்து செங்கலையே பொடியாக்குகிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அப்பாவிடம் கற்றேன். அப்பா பேட்டையில் கொத்தனார். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுச் சாந்து ஆக்குவார்கள். அவர் தலைமுறை கடைசித் தலைமுறையாகப் போனதற்குக் காரணம் உண்டு. 1949-ல் தாழையூத்து சங்கர் நகரில் சிமென்ட் ஆலை வந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே மூட்டையில் கிடைக்கிற பொருள், ஒரே நாளில் இறுகுகிற பொருள். யார் சுண்ணாம்பை ஊறப்போட்டுக் காத்திருப்பார்கள்? புதுக் கட்டடத்துக்கு சிமென்ட் நல்ல பொருள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சுண்ணாம்புச் சுவரின் மேல் அதைப் பூசுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பங்குனி, சித்திரையில் ஆரம்பியுங்கள். டைல்ஸையும் சிமென்ட் பூச்சையும் ஈரக்கோட்டுக்கு இரண்டடி மேலே வரை கொத்தி எடுத்துவிடுங்கள். உப்பைத் துடைப்பத்தால் தள்ளி வெளியே அள்ளிப் போடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கோடை முழுக்கச் சுவர் அப்படியே திறந்து கிடக்கட்டும். பார்க்க நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல் என்று இரண்டு கை பூசி, ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். கொத்தனார் ‘பிடிப்புக்குக் கொஞ்சம் சிமென்ட் கலந்துக்கலாம்’ என்பார். ஒரு கரண்டிகூடக் கூடாது.

கேள்வி: டவுனில் கோயில் முதலில் வந்ததா, ஊர் முதலில் வந்ததா?
— பள்ளி மாணவி, தச்சநல்லூர்

நல்ல கேள்வி பாப்பா. திருஞானசம்பந்தர் பாடிய தலம் என்பதால் ஏழாம் நூற்றாண்டிலேயே இங்கே கோயில் இருந்தது என்று தெரிகிறது. ஆனால் நீ இன்று பார்க்கிற வடிவம் ஒரே நாளில் வந்ததல்ல. நெல்லையப்பர் கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் தனித்தனியாக இருந்தன. 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் சங்கிலி மண்டபத்தைக் கட்டி இரண்டையும் இணைத்தார். நந்தவனம் 1756-ல்தான் வந்தது. இப்படிக் கோயில் வளர வளர ஊரும் அதைச் சுற்றி மாட வீதி, ரத வீதி என்று வளர்ந்தது. அடுத்த தடவை போகும்போது சங்கிலி மண்டபத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார். இரண்டு கோயிலின் கல்வேலையும் ஒன்றாக இருக்கிறதா என்று எனக்கு எழுது.

கேள்வி: அண்ணாச்சி, டவுனில் எங்களுக்குப் பூர்வீகமாக ஒரு வளவு இருக்கிறது. நீளமான நடை, இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் முற்றம், கிணறு. அப்பா காலமான பிறகு நாங்கள் மூன்று பேரும் பாகம் பிரிக்கப் போகிறோம். தெருமுகம் மூன்று பேருக்கும் வேண்டும் என்பதால் நீளவாட்டில் மூன்றாகக் கோடு போட்டிருக்கிறோம். சரிதானா?
— ஒரு வாசகர், இப்போது சென்னையில்

சரியில்லை தம்பி. பத்திரம் பதிவதற்குள் இந்த இதழ் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

டவுனில் வளவுகள் அழிந்ததற்கு வெள்ளமோ ரோடோ பெரிய காரணமில்லை. நீளவாட்டுக் கோடுதான் காரணம். முப்பதடி முகம் உள்ள வளவு பத்துப் பத்தடியாகிறது. பத்தடியில் இரண்டு பக்கச் சுவர் போக எட்டரை அடி. அதில் மாடிப்படி ஒரு மூன்றடி. மீதி ஐந்தரை அடி அகலத்தில், அறுபதடி நீளத்துக்கு, ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். முற்றம் மூன்று துண்டாகி, துண்டுகளையும் மூடிவிடுவார்கள். அப்புறம் நடு அறைகளுக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. பகலில் லைட் போட்டு, மின்விசிறி போட்டு வாழ்கிற வீடுகள் டவுனில் நிறைய ஆகிவிட்டன. நம் ஊர்க் கோடையில் அந்த நடு அறையில் ஒரு வயதானவர் படுத்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்குவதில்லை.

வளவு என்பது சுவர்களை வைத்து நிற்பதல்ல. அந்த நடையையும் முற்றத்தையும் வைத்துத்தான் நிற்கிறது. முற்றம் வெயிலில் சூடாகும்போது அங்கே இருக்கிற காற்று மேலே போகும்; தெரு நடை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். எல்லா வீட்டு அடுக்களைப் புகையும் அதோடு மேலே போகும். மழை அங்கே விழுந்து அங்கேயிருந்து வெளியேறும். அந்த வேலைக்குத்தான் கட்டினவர்கள் இவ்வளவு இடத்தைத் திறந்து விட்டார்கள்.

ஆகவே குறுக்குவாட்டில் பிரியுங்கள். முன்கட்டு ஒருவருக்கு, நடுக்கட்டு ஒருவருக்கு, பின்கட்டு ஒருவருக்கு. நடை, முற்றம், கிணறு மூன்றையும் பாகத்தில் சேர்க்காமல், ‘மூவருக்கும் பொது, யாரும் கட்டடம் எழுப்பவோ மூடவோ கூடாது’ என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சு உங்கள் மூன்று பேர் காலத்துக்குப் போதும், பிள்ளைகள் காலத்துக்குப் போதாது. முன்கட்டுக்குத் தெருமுகம் இருப்பதால் மதிப்பு கூடுதல். அதை எடுப்பவர் மற்ற இருவருக்கும் ரொக்கமாகச் சரிக்கட்டட்டும். அந்தக் கணக்கை ஒரு மதிப்பீட்டாளரிடம் விடுங்கள், நீங்களே பேசினால் மனக்கசப்பு வரும். வாடகைக்கு இருப்பவர்கள் யாராவது இன்னும் அங்கே இருந்தால் அவர்களிடமும் கலந்து பேசுங்கள். உங்களைவிட அந்த வளவை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: டவுன், ஜங்ஷன், பாளை என்று ஒரே ஊருக்கு ஏன் மூன்று நடுவிடம்?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

ஒரே ஊராக இருந்ததில்லை. டவுன் கோயிலைச் சுற்றி வளர்ந்தது. பாளையங்கோட்டை பெயரிலேயே இருக்கிற கோட்டையைச் சுற்றி வளர்ந்தது. ஊமைத்துரையை அடைத்து வைத்திருந்ததும், 1801-ல் அவர் தப்பிப் போனதும் அங்கேதான். கோட்டையின் மிச்சத்தை இன்றும் மேடை போலீஸ் ஸ்டேஷனில் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் தாமிரபரணி. ஆற்றைக் கடக்கப் படகுதான் கதி என்றிருந்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டினார். 1843-ல் திறந்த அந்தப் பாலத்தில்தான் இன்னும் போய்வருகிறோம். 1876-ல் ரயில் வந்தது, ஸ்டேஷனைச் சுற்றி ஜங்ஷன் உண்டானது. டவுனும் பாளையும் 1866-லிருந்தே தனித்தனி நகராட்சிகள். மேலப்பாளையம், தச்சநல்லூரையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆனது 1994-ல்.

இதை நான் குறையாக நினைக்கவில்லை. மூன்றுக்கும் தனித்தனி முகம் இருக்கிறது. ஜங்ஷனுக்குப் பொருந்துகிற அகல ரோடும் உயரக் கட்டடமும் டவுனுக்குப் பொருந்தாது. ஒரே மாதிரி பிளான் போட்டு மூன்றையும் ஒன்றாக்கப் பார்ப்பதுதான் தவறு.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே மூழ்கியது. இனி நகரம் முழுவதையும் உயர்த்திக் கட்டுவதுதானே வழி?
— ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

உங்கள் பகுதி பட்டது எனக்குத் தெரியும். மார்கழி பிறந்த அன்று கொட்டத் தொடங்கிய மழை அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. அந்த அளவுக்கு எந்த ஊரும் தாங்காது. ஆனாலும் தண்ணீர் எங்கே எவ்வளவு நாள் நின்றது என்பதில் நம் கை இருக்கிறது.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய். இந்தக் கால்வாய்கள் வயலுக்கு மட்டும் தண்ணீர் கொண்டுபோகவில்லை, வழியில் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. டவுனுக்கு நயினார்குளம் அப்படித்தான். மழை கூடினால் குளம் வாங்கிக்கொள்ளும், கூடியது கழுங்கு (உபரிநீர் வழியும் இடம்) வழியே அடுத்த குளத்துக்குப் போகும். நாம் என்ன செய்தோம்? கால்வாயில் சாக்கடையை விட்டோம், கரையில் வீடு கட்டினோம். வேய்ந்தான்குளத்தில் புதிய பஸ் ஸ்டாண்டையே கட்டினோம். மழை பெய்தால் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வருகிறது.

குறுக்குத்துறை முருகன் கோயிலைப் போய்ப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்து மோதுகிற பக்கம் படகின் முனை மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரை மேலே இருக்கிற கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் கோயிலுக்குள் புகுந்து வெளியேறும். பிறகு சேற்றைக் கழுவிவிட்டுப் பூஜை தொடங்கும். கட்டினவர்கள் ஆற்றோடு சண்டை போடவில்லை, வந்து போக வழி விட்டார்கள். மீனாட்சிபுரம், கைலாசபுரம் மாதிரி ஆற்றோரத் தெருக்களில் இனிக் கட்டுகிறவர்கள் கீழ்த்தளத்தில் மின்பலகையையும் படுக்கையறையையும் வைக்காமல், தண்ணீர் வந்தாலும் கழுவிவிட்டுப் புழங்குகிற மாதிரி விடலாம். ரோட்டை மட்டும் உயர்த்த வேண்டாம். முதல் கேள்வி கேட்ட அம்மாவின் நிலைமை ஊருக்கே வந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடி மரக்கட்டை போட்டது. மேலே 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைக்கலாமா?
— ஒரு வாசகி, சேரன்மகாதேவி

கூடாது. 1000 லிட்டர் என்றால் ஒரு டன். கட்டையின் மேல் செங்கலை நெருக்கி நிறுத்தி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதித்த தளம் அது. பரவலாக வருகிற பாரத்தைத் தாங்கும், ஒரே இடத்தில் உட்கார்ந்த பாரத்தைத் தாங்காது. தொட்டியைக் கிணற்றடியில் தனித் தூண் எழுப்பி வையுங்கள். அப்படியே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: கட்டை சுவருக்குள் நுழைகிற முனையைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொதபொதவென்று கேட்டால் உளுத்திருக்கிறது. உடனே அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பழைய சாமான் வியாபாரி ஒருவர் எங்கள் முற்றத்துத் தேக்குத் தூண்கள் நாலையும் வாசல் நிலையையும் நல்ல விலைக்குக் கேட்கிறார். தூணுக்குப் பதில் கான்கிரீட் தூண் அவரே போட்டுத் தருவாராம். வீடு அப்படியே இருக்குமே, கொடுத்தால் என்ன?
— ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

வீடு அப்படியே இருக்காது. முற்றத்துத் தூண் அடிக்கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, தரையில் புதைக்கவில்லை. மேலே உத்தரமும் போதிகையும் (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கட்டை) பொருத்து வைத்துக் கோத்தவை. மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் ஊதும், கோடையில் சுருங்கும், அதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் தச்சர் செய்திருக்கிறார். அதில் ஒரு தூணை உருவி கான்கிரீட்டை நிறுத்தினால் அந்தத் தூண் மட்டும் அசையாது, மற்றதெல்லாம் அசையும். ஓட்டுக்கூரை ஒழுக ஆரம்பிப்பது அங்கேயிருந்துதான். நிலையை எடுப்பது இன்னும் மோசம். சுவர் எழும்போதே நிறுத்திய நிலை அது, அதை எடுக்க முன்சுவரைக் கொத்தத்தான் வேண்டும்.

பணத் தேவை இருந்தால் சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியானால் முதலில் வீட்டை முழுசாகப் பயன்படுத்தப் பாருங்கள். முன்கட்டை வாடகைக்கு விடலாம். அக்கிரகாரத்து வீடுகளைப் படப்பிடிப்புக்கும் கேட்டு வருகிறார்கள். எதுவும் முடியாமல் வீட்டையே விற்பதென்று ஆனால், வீடாக விற்றுவிடுங்கள், துண்டு துண்டாக வேண்டாம்.

முடிவு செய்யுமுன் திருப்புடைமருதூர் கோயிலுக்கு ஒரு நடை போய் வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். கோபுரத்துக்குள்ளே நிலை நிலையாக மரவேலையும் சுவர் ஓவியமும் இருக்கிறது. அனுமதி கேட்டு ஏறிப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தூணைச் செதுக்கிய கை எந்த வழியில் வந்தது என்று புரியும். திரும்பி வந்ததும் நாலு தூண்களையும் போட்டோ எடுத்து இதழுக்கு அனுப்புங்கள். அடிக்கல்லும் போதிகையும் படத்தில் தெரிய வேண்டும், பக்கத்தில் ஒரு டேப்பையும் பிடித்துக்கொள்ளுங்கள். பழுது ஏதாவது இருந்தால் எப்படிச் சரி செய்வது என்று எழுதுகிறேன்.